வேலைக்குப் பெயர் சூட்டுகிறவன் யார்?

(வட்டக்கோட்டையில் நடந்த உழைக்கும் பெண்கள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கூலி வேலையை முடித்து, வீட்டு வேலையையும் முடித்து, அதன் பிறகு இந்தக் கூட்டத்திற்கு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் நேரே விஷயத்திற்கு வருகிறோம்.

இன்று நம் முன்னால் உள்ள கேள்வி ஒன்றுதான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று இந்த நாட்டில் சட்டம் வந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அப்படியிருந்தும் வயலிலும் ஆலையிலும் கடையிலும் பெண்ணின் கைக்கு வருவது குறைந்த கூலியாகவே இருக்கிறதே, அது எப்படி? சட்டம் இல்லாததாலா? இல்லை, சட்டம் இருக்கிறது. சட்டத்தை மீறுவதாலா? மீறுகிற முதலாளிகளும் உண்டு. ஆனால் சட்டத்தை மீறாமலேயே பெண்ணின் கூலியைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த வழி எது என்பதைத்தான் இன்று அம்பலப்படுத்த வேண்டும்.

ஏட்டில் இருப்பது என்ன?

முதலில் ஏட்டில் இருப்பதைப் பார்த்துவிடுவோம். 1950ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 39வது ஷரத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி சர்க்கார் தன் கொள்கையை வகுக்க வேண்டும் என்று கூறுகிறது. 1951ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் சம ஊதியத்திற்காக ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. 1958 செப்டம்பரில் இந்திய சர்க்கார் அதை ஏற்றுக் கையெழுத்திட்டது. கையெழுத்திட்டு 17 ஆண்டுகள் சும்மா இருந்தார்கள். 1975ஐ சர்வதேசப் பெண்கள் ஆண்டு என்று உலகமே கொண்டாடியபோதுதான் அவசரம் அவசரமாக ஓர் அவசரச் சட்டம் வந்தது. மறு ஆண்டு, 1976ல், அது சம ஊதியச் சட்டம் ஆயிற்று.

இப்பொழுது அந்தச் சட்டமும் தனியாக இல்லை. 2019ல் பார்லிமெண்டில் நிறைவேறிய ஊதியத் தொகுப்புச் சட்டம் அதை விழுங்கிக்கொண்டது. அந்தத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன் 3வது பிரிவு சொல்வது இது: ஒரே முதலாளியிடம், ஒரே வேலையை அல்லது ஒரே தன்மையுள்ள வேலையைச் செய்கிறவர்களுக்குள் ஆண், பெண் என்ற பேதத்தால் கூலியில் வித்தியாசம் காட்டக் கூடாது.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் "ஒரே வேலை" என்ற அந்த இரண்டு சொற்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். வித்தை எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பெயரை மாற்று, கூலியைக் குறை!

நமது நாஞ்சில் நாட்டு வயலையே எடுத்துக்கொள்வோம். உழுகிறவன் ஆண், வரப்பு வெட்டுகிறவன் ஆண். நடுகிறவள் பெண், களை பறிக்கிறவள் பெண். நாள் முழுவதும் சேற்றில் குனிந்து நிற்பது லேசான வேலையா? குனிந்து நட்டவளின் இடுப்பைக் கேட்டால் அது சொல்லும். ஆனாலும் வெட்டு வேலைக்கு ஒரு கூலி, நடவு வேலைக்கு வேறொரு கூலி. ஏன் என்று கேட்டால், "ஆண் என்றும் பெண் என்றும் நான் பார்க்கவில்லையே! அந்த வேலை வேறு, இந்த வேலை வேறு" என்று பதில் வருகிறது.

அண்டி ஆபீஸ் என்று நாம் சொல்கிற முந்திரி ஆலைக்குப் போவோம். நம் மாவட்டத்தில் விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இந்த ஆலைகள் ஏராளம். கேரளத்தில் குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, கொல்லத்து முதலாளிகள் பலர் குறைந்த கூலியைத் தேடி எல்லை தாண்டி இங்கே வந்து ஷெட் போட்டார்கள் என்பது இந்தத் தொழிலின் சரித்திரம். இந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பெருவாரியானவர்கள் பெண்கள். கொட்டையை வறுப்பதும் மூட்டை தூக்குவதும் வழக்கமாக ஆண்களின் வேலை. உடைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது பெண்களின் வேலை. உடைக்கும்போது கொட்டையின் எண்ணெய் பட்டுக் கை பொசுங்குகிறது. பருப்பு உடையாமல் முழுசாக வரவேண்டும். உடைந்தால் விலை போய்விடும். இது கைத்திறன் இல்லாமல் முடிகிற காரியமா? நாலு நாளில் யாரும் கற்றுக்கொள்ளக்கூடியதா? ஆனால் இந்தத் திறமைக்குத் திறமை என்று பெயர் சூட்டுவதில்லை. "பெண்களுக்கு விரல் மெல்லியது, இயற்கையாகவே வருகிறது" என்கிறார்கள். ஆணுக்கு வந்தால் அது தொழில் திறமை. பெண்ணுக்கு வந்தால் அது இயற்கை! இயற்கைக்கு எதற்குக் கூலி என்பதுதான் முதலாளியின் கணக்கு.

இதோ இந்த வட்டக்கோட்டையைப் பாருங்கள். மார்த்தாண்ட வர்மா மகாராஜா காலத்தில் டிலனாய் கட்டிய கோட்டை என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். குளச்சல் யுத்தத்தில் 1741ல் பிடிபட்ட டச்சுத் தளபதியின் பெயர் நிலைத்துவிட்டது. இந்தக் கருங்கல்லைச் சுமந்தவர்கள், செதுக்கியவர்கள், சுண்ணாம்பு குழைத்தவர்கள் யார்? அவர்களுக்குப் பெயர் இல்லை. வேலை செய்கிறவர் ஒருவர், பெயர் சூட்டுகிறவர் வேறொருவர். கோட்டையில் மட்டும் அல்ல, இன்றைய ஆலையிலும் ஆபீசிலும் இதுதான் நடக்கிறது.

ஸ்டெனோகிராபர் வழக்கு

ஆபீசிலுமா என்று கேட்பீர்கள். பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற பெரிய கப்பல் கம்பெனியில் ஆட்ரி டிகோஸ்டா என்ற பெண் ஸ்டெனோகிராபராக வேலை செய்தார். அந்தக் கம்பெனியில் ஆண் ஸ்டெனோகிராபர்களும் உண்டு. சொல்லச் சொல்லச் சுருக்கெழுத்தில் எடுத்து டைப் அடிப்பதுதான் இருவருக்கும் வேலை. ஆனால் பெண்களுக்கு மட்டும் "அந்தரங்க லேடி ஸ்டெனோகிராபர்" என்று தனிப் பெயர்! தனிப் பெயர், ஆகவே தனிச் சம்பள விகிதம். அதுவும் குறைந்த விகிதம்.

1977ல் அவருடைய வேலை போயிற்று. சம ஊதியச் சட்டத்தின் கீழ் பாக்கிச் சம்பளத்தைக் கேட்டு வழக்குப் போட்டார். முதல் அதிகாரியிடம் தோற்றார். அப்பீலில் ஜெயித்தார். கம்பெனி விடவில்லை. ஹைகோர்ட்டுக்குப் போயிற்று, அதற்குப் பிறகு சுப்ரீம் கோர்ட்டுக்கும் போயிற்று. அங்கே கம்பெனி சொன்ன வாதங்களைக் கவனியுங்கள். "எங்களிடம் பெரிய அதிகாரிகளுக்கு ஸ்டெனோவாக இருப்பவர்கள் பெண்கள் மட்டுமே, ஆகவே ஒப்பிட ஆண் இல்லை" என்றது. "யூனியனோடு போட்ட ஒப்பந்தத்தில்தானே இந்தச் சம்பளம் நிர்ணயம் ஆனது" என்றது. "எல்லோருக்கும் சமமாகக் கொடுக்க எங்களிடம் பணம் இல்லை" என்றும் சொல்லிப் பார்த்தது.

1987 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு இந்த மூன்றையும் தள்ளியது. பெயரைப் பார்க்காதே, அவர்கள் உண்மையில் செய்கிற வேலையைப் பார் என்றது. சின்னஞ்சிறு வித்தியாசங்களைப் பெரிதுபடுத்தாதே என்றது. கொடுக்க முடியவில்லை என்பது சட்டத்தின் முன் ஒரு சாக்கு ஆகாது என்றும் கூறியது.

இந்த வழக்கில் தொழிற்சங்கத் தோழர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. கம்பெனி தன் கேடயமாக நீட்டியது யூனியனின் கையெழுத்தை! பெண்களின் விகிதம் தாழ்ந்திருக்கிற ஒப்பந்தம், பிற்பாடு பெண்களுக்கு எதிராகவே சாட்சி சொல்ல வருகிறது. பேச்சுவார்த்தை மேஜையில் பெண் தொழிலாளி உட்கார வேண்டும் என்று நாம் சொல்வது மரியாதைக்காக அல்ல, இந்தக் காரணத்திற்காகத்தான்.

கோர்ட்டு எப்பொழுதும் இப்படியே பெயரைக் கிழித்து உள்ளே பார்க்கும் என்று நம்பி இருக்கவும் முடியாது. இதற்கு ஆறு ஆண்டு முன்னால், 1981ல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்களின் வழக்கு அதே சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. முதல் கர்ப்பம் ஆனதும் வேலையை விட்டுப் போ என்ற விதியைக் கோர்ட்டு அடித்தது, அது சரி. ஆனால் வேலைக்குச் சேர்ந்த நான்கு ஆண்டுக்குள் கல்யாணம் செய்தால் வேலை போகும் என்ற விதியை அப்படியே விட்டுவிட்டது. ஒரே விமானத்தில் பறந்தாலும் ஆண் பணியாளர் வேறு வகுப்பு, பெண் பணியாளர் வேறு வகுப்பு என்ற வாதத்தையும் ஏற்றுக்கொண்டது. வகுப்பைப் பிரித்தது யார்? நிர்வாகம்! பிரித்தவனே, "பிரிந்திருக்கிறதே, எப்படிச் சமமாக்குவது?" என்று கேட்டான்.

ஒப்பிட ஆண் இல்லாவிட்டால்?

ஆட்ரி டிகோஸ்டாவுக்குப் பக்கத்து மேஜையில் ஓர் ஆண் ஸ்டெனோ இருந்தார். ஒப்பிட்டுக் காட்ட முடிந்தது. ஆனால் அண்டி ஆபீசில் தோல் உரிக்கிற பெண்ணுக்குப் பக்கத்தில் தோல் உரிக்கிற ஆண் எங்கே? நடவு நடுகிறவளுக்குப் பக்கத்தில் நடவு நடுகிற ஆண் எங்கே? ஒப்பிட ஆண் இல்லை என்றால் சட்டம் வாய் மூடிக்கொள்கிறது.

சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான். 1951ன் சர்வதேச உடன்படிக்கை "சம மதிப்புள்ள வேலை" என்று சொல்கிறது. அதாவது வேலை வேறாக இருந்தாலும், அதற்கு வேண்டிய திறமை, உழைப்பு, பொறுப்பு இவற்றைத் தராசில் வைத்துப் பார். எடை சமமானால் கூலியும் சமமாக இருக்கட்டும் என்பது அதன் பொருள். நமது சர்க்கார் அதில்தான் கையெழுத்திட்டது. ஆனால் இங்கே எழுதிய சட்டத்தில் மதிப்பு என்ற சொல் நழுவிப் போய், ஒரே வேலை, ஒரே தன்மையுள்ள வேலை என்று சுருங்கிவிட்டது. 1976லும் சுருங்கியது, 2019லும் சுருங்கியபடியேதான் இருக்கிறது.

மதிப்பை எடை போடுவது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கிறார்கள். 1968 ஜூன் மாதம் இங்கிலாந்தில், டேகன்ஹாம் என்ற இடத்திலுள்ள போர்டு மோட்டார் ஆலையில், கார் ஸீட் உறை தைக்கிற 187 பெண்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். தையல் வேலை திறமையற்ற வேலை என்று கம்பெனி வகைப்படுத்தியிருந்தது. அந்த வகைக்கும் ஆணுக்குக் கிடைப்பதில் 85 சதவிகிதமே பெண்ணுக்குக் கிடைத்தது. உறை இல்லாமல் கார் வெளியே போகுமா? ஆலையே ஸ்தம்பித்தது. மந்திரி பார்பரா காஸில் அவர்களை அழைத்துப் பேச வேண்டியதாயிற்று. 1970ல் அந்நாட்டில் சம ஊதியச் சட்டம் பிறந்தது. ஆனால் "எங்கள் வேலை திறமையான வேலை" என்ற அவர்களுடைய மூலக் கோரிக்கை அப்பொழுதும் நிறைவேறவில்லை. 1984ல் மறுபடியும் வேலை நிறுத்தம் செய்த பிறகுதான் அந்தப் பெயர் கிடைத்தது. சட்டம் கிடைக்க இரண்டு ஆண்டு, வேலைக்குச் சரியான பெயர் கிடைக்கப் பதினாறு ஆண்டு!

"உபரி வருமானம்" என்ற பொய்

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு பழைய எண்ணம். ஆண் குடும்பத்தைக் காப்பாற்றுகிறவன், பெண்ணின் கூலி உப்புக்கும் புளிக்கும் என்பதே அது. 1957ல் கூடிய 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு ஒரு கணக்கு வகுத்தது. அந்தக் கணக்கு தொழிலாளி வர்க்கத்திற்குப் பெரிய ஆயுதம் என்பதில் சந்தேகமில்லை. சம்பாதிக்கிறவர் ஒருவர், அவரை நம்பி மூன்று அலகு கொண்ட குடும்பம், பெண்கள் குழந்தைகளின் வருமானத்தைக் கணக்கில் சேர்க்காதே என்றது. முதலாளி பெண்ணின் வருமானத்தைக் காட்டி ஆணின் கூலியைக் குறைக்காமல் இருக்க அது அரணாயிற்று. ஆனால் பெண்ணின் கூலியைப் பேசும்போது அதே கணக்கை முதலாளி தலைகீழாகப் பிடிக்கிறான். "உன் வருமானம் கணக்கிலேயே இல்லையே, உனக்கு எதற்குக் குடும்பக் கூலி?" என்கிறான். புருஷனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு மீன் கூடை தூக்குகிற பெண்ணின் வீட்டில் அடுப்பு எரிவது யாருடைய வருமானத்தில்? நமது கடற்கரை ஊர்களில் அப்படிப்பட்ட வீடு இல்லாத ஊர் உண்டா?

சமக் கூலி கொடுத்தால் உலகம் தலைகீழாகிவிடும் என்பதும் பொய். 2005ன் ஊரக வேலை உறுதிச் சட்டப்படி நடந்த நூறு நாள் வேலையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே விகிதம்தான். தமிழ்நாட்டில் அந்த வேலைக்குப் பெருவாரியாகப் பெண்களே போனார்கள். வானம் இடிந்து விழவில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில்

இன்னொரு பெயர் சூட்டல் உண்டு. அது "பாதுகாப்பு". 1948ன் தொழிற்சாலைச் சட்டம், பெண்களை இரவு 7 மணி முதல் காலை 6 மணி வரை ஆலையில் வேலை வாங்கக் கூடாது என்றது. முதலாளி பெண்களை வதைக்காமல் இருக்க வந்த விதி. ஆனால் அதே விதி பிற்பாடு கதவை அடைக்கும் தாழ்ப்பாள் ஆயிற்று. 2000 டிசம்பரில் சென்னை ஹைகோர்ட்டு அந்த விதியைச் செல்லாது என்றது. நம் எல்லைக்கு அப்பால் சவராவில், கடல் மணலிலிருந்து தாது பிரிக்கும் கேரள சர்க்கார் நிறுவனம், பாதுகாப்பு அதிகாரி வேலைக்கு ஆண்கள் மட்டுமே மனுச் செய்யலாம் என்று விளம்பரம் செய்தது. ஒரு பெண் என்ஜினீயர் கேரள ஹைகோர்ட்டுக்குப் போனார். 2021 ஏப்ரலில் கோர்ட்டு அந்த நிபந்தனையை ரத்து செய்தது. பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடு, வேலையைப் பறிக்காதே என்பதே தீர்ப்பின் சாரம்.

இன்று புதிய தொகுப்புச் சட்டத்தின்படி பெண்ணின் சம்மதத்தோடு இரவு வேலை வாங்கலாம். சம்மதம்! நாளைக்கு வேலை உண்டா இல்லையா என்று தெரியாத பெண்ணிடம் வாங்குகிற கையெழுத்துக்குச் சம்மதம் என்றா பெயர்? யூனியன் இருக்கிற இடத்தில்தான் சம்மதம் சம்மதமாக இருக்கும். மற்ற இடத்தில் அது கட்டாயத்தின் மறுபெயர்.

கல்யாணத்தையும் பிள்ளைப்பேற்றையும் காட்டி வாசலிலேயே தடுப்பதும் நிற்கவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையில் கைப்பேசி பூட்டும் வேலைக்குக் கல்யாணமான பெண்களை ஒதுக்கினார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர் செய்தி வந்தது. கம்பெனி அதை மறுத்தது. மத்திய சர்க்கார் தமிழ்நாடு சர்க்காரிடம் அறிக்கை கேட்டது. மகப்பேற்று விடுமுறை 2017 முதல் 26 வாரம். டில்லியில் மஸ்டர் ரோலில் தினக்கூலிக்கு ரோடு வேலை செய்த பெண்களுக்கும் அந்தச் சட்டத்தின் சலுகை உண்டு என்று சுப்ரீம் கோர்ட்டு 2000 மார்ச்சில் சொல்லிவிட்டது. தினக்கூலி என்று பெயர் வைத்து ஏமாற்றாதே என்பதுதான் அங்கேயும் விஷயம்.

மானமும் வேலையின் பகுதியே

2021 டிசம்பரில் நமது குளச்சலில், மீன் விற்றுவிட்டுப் பஸ் ஏறிய மூதாட்டி ஒருவரை மீன் நாற்றம் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். அவர் சும்மா போகவில்லை. பஸ் நிலையத்திலேயே நின்று உரத்த குரலில் நியாயம் கேட்டார். நாடே பார்த்தது. மூன்று ஊழியர்கள் மீது நடவடிக்கை வந்தது. அந்தத் தாய்க்கு முதலாளி யாரும் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. தொழிலாளி என்ற பெயரைக்கூட எந்த ஊதியச் சட்டமும் அவருக்குக் கொடுக்கவில்லை. ஆனால் வேலை செய்கிறவளுக்கு மானம் உண்டு என்பதை அவர் கற்றுக்கொடுத்தார்.

ராஜஸ்தானத்தில் பன்வாரி தேவி என்ற ஏழைக் கிராம ஊழியர், குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கிற தன் வேலையைச் செய்ததற்காக 1992ல் கூட்டுக் கொடுமைக்கு ஆளானார். அதிலிருந்து எழுந்ததுதான் 1997ன் விசாகா தீர்ப்பு. அதிலிருந்து வந்ததுதான் 2013ன் சட்டம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடமானால் பெண் தலைமையில் உள் விசாரணைக் கமிட்டி இருக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த இடமானாலும், குற்றம் செய்தவன் முதலாளியே ஆனாலும், மாவட்டக் கமிட்டியிடம் மூன்று மாதத்திற்குள் எழுதிக் கொடுக்கலாம். வீட்டு வேலை செய்கிறவர்களுக்கும் இது பொருந்தும். இதைப் பக்கத்து வீட்டுக்காரிக்குச் சொல்லுங்கள். தெரியாத சட்டம் ஏட்டுச் சுரைக்காய்தான்.

இந்த மண்ணின் பாடம்

சட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் கோடு போடும் என்பது இந்த மாவட்டத்திற்குப் புதிதல்ல. தோள்சீலைப் போராட்டம் நடந்த மண் இது. அரை நூற்றாண்டுக் காலம் அடியும் உதையும் பட்டுப் போராடிய பிறகு, 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா பிரகடனம் போட்டார். மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்ந்த ஜாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது! அந்தக் கோட்டை ஒத்துக்கொண்டு நம் பாட்டிகள் நின்றுவிட்டார்களா? இல்லை. கோட்டைத் தாண்டினார்கள். இன்று அந்தப் பிரகடனம் சரித்திரப் புத்தகத்தில் கிடக்கிறது.

அண்மைக் காலத்திலும் அப்படியே. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள், நாள் முழுவதும் நிற்க முடியாது, உட்கார உரிமை வேண்டும் என்று போராடினார்கள். கேரளத்தில் 2018லும் தமிழ்நாட்டில் 2021லும் கடைச் சட்டத்தில் திருத்தம் வந்தது. ஒரு ஸ்டூலுக்குக்கூடப் போராட வேண்டியிருக்கிறது; போராடினால் கிடைக்கிறது.

ஆண் தோழர்களுக்கு

கடைசியாக, இங்கே நிற்கிற ஆண் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. பெண்ணுக்குச் சமக் கூலி கொடுத்தால் நம் கூலியில் கை வைப்பார்களோ என்ற பயம் சிலருக்கு உண்டு. அப்படிச் செய்யக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. சமப்படுத்துகிறேன் என்ற பெயரில் யாருடைய கூலியையும் குறைக்க முதலாளிக்கு உரிமை இல்லை. உண்மையில் உங்கள் கூலியை இழுத்துப் பிடித்திருப்பது எது? இதே வேலைக்குக் குறைந்த கூலியில் பெண் கிடைப்பாள் என்ற முதலாளியின் நம்பிக்கைதான். கொல்லத்துக் கூலி உயர்ந்தபோது ஷெட்டைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்தவன், ஆண் கூலி உயர்ந்தால் பெண்ணைத் தேடமாட்டானா? தாழ்ந்த கூலி எங்கே இருக்கிறதோ அங்கே எல்லோர் கூலியும் சரியும்.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? உங்கள் வேலைக்குச் சீட்டில் என்ன பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சீட்டே இல்லையென்றால் அதைக் கேட்பதுதான் முதல் கோரிக்கை. உடைப்பு, உரிப்பு, நடவு, களை, இவற்றில் உள்ள திறமையையும் பாரத்தையும் நீங்களே பட்டியல் போடுங்கள். அந்தப் பட்டியலோடு யூனியன் பேச்சுவார்த்தைக்குப் போகட்டும். ஒரே தன்மையுள்ள வேலையா என்ற தகராறு வந்தால், தீர்ப்புச் சொல்ல அதிகாரியை நியமிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அவரிடம் கூட்டாகப் போங்கள், தனியாகப் போகாதீர்கள். "சம மதிப்புள்ள வேலைக்குச் சமக் கூலி" என்று சட்டத்தையே திருத்தும்படி கேட்போம். ஒவ்வொரு யூனியன் கமிட்டியிலும் பெண்கள் உட்காரட்டும்; கோலம் போடவும் வரவேற்புரைக்கும் அல்ல, கூலி பேச!

வேலையைச் செய்கிறவர்கள் நாம். அதற்குப் பெயர் சூட்டும் உரிமையும் நமக்கே வேண்டும். அந்த உரிமை கையில் வருகிற வரையில் ஓயமாட்டோம்.